எந்த ஸ்னாப்ஷாட்டை அழித்தால் எவ்வளவு இடம் திரும்பும்?

செவ்வாய்க்கிழமை காலை 11 மணி இருக்கும். கணக்குப் பிரிவிலிருந்து போன்: பில் போட்டால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. நான் சர்வரில் நுழைவதற்குள் இன்னொரு போன்: பொதுக் கோப்புறையில் எதையும் சேமிக்க முடியவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் கோளாறு என்றால், இரண்டுக்கும் பொதுவாக அடியில் இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வால்யூம்களைப் (வட்டு இடத்தில் பிரித்துக்கொடுத்த பகுதிகளை) பட்டியலிடும் எல்விஎஸ் கட்டளையை அடித்தேன். எல்லா வால்யூம்களும் பகிர்ந்துகொள்ளும் பொது இடமான தின் பூலின் வரியில் டேட்டா சதவீதம் 100.00 என்று நின்றது.

அந்த வாரம் முழுக்க இந்தப் பூலோடுதான் கழிந்தது. எல்விஎம் (லினக்ஸில் வட்டு இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) தின் பூல் வைத்திருக்கிறவர்கள், அதிலும் தினமும் ஸ்னாப்ஷாட் (ஒரு வால்யூமின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் நகல்) எடுக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுத் தங்கள் சர்வரை ஒருமுறை திறந்து பார்த்தால் எனக்கு நிம்மதி.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறு அலுவலகத்தின் ஒற்றைச் சர்வர். டெபியன் லினக்ஸ், அதன்மேல் விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்ட கேவிஎம். 1.92 டிபி எஸ்எஸ்டி இரண்டு, ரெய்டு 1 முறையில், அதாவது ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும். எல்விஎம் கணக்கில் 1,788 ஜிபி. (இந்தப் பதிவு முழுக்க ஜிபி என்பது 1,024 அடிப்படையிலான கணக்கு.) அதில் சர்வரின் சொந்த இயங்குதளத்துக்கு 80, பேக்கப் இறக்கி வைக்க 200, தின் பூலுக்கு 1,400. மீதி நூறு ஜிபி சொச்சத்தை வால்யூம் குரூப்பில் (எல்விஎம் கையாளும் மொத்த இடத்தில்) சும்மா விட்டிருந்தேன். பூலுக்குள் பொதுக் கோப்புறை 800, கணக்கு டேட்டாபேஸ் 200, சோதனை விஎம் 300, சிசிடிவி பதிவு வட்டு 256, ஐந்து விஎம்களின் இயங்குதள வட்டுகள் ஆளுக்கு 50. கூட்டினால் 1,800 ஜிபிக்குச் சற்று மேல் வரும். இருப்பதோ 1,400. தின் என்பதன் பொருளே அதுதான். எல்லோருக்கும் சேர்த்து இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுத்திருக்கிறோம், எல்லோரும் ஒரே நாளில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

தினமும் இரவு இரண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். சோதனை விஎம்மைத் தவிர மற்ற எல்லா டேட்டா வால்யூமுக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து வேறொரு எந்திரத்துக்கு நகல் அனுப்பும். ஸ்னாப்ஷாட்டை ஏழு நாள் வைத்திருந்து, எட்டாம் நாள் அழிக்கும்.

சரி, முதலுதவி. பூல் நிரம்பினால் கெர்னல் உடனே பிழை கொடுப்பதில்லை. எழுத வரும் கோரிக்கைகளை 60 விநாடி வரிசையில் நிறுத்தி வைக்கும். அதற்குள் இடம் கிடைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாம் தொடரும். கிடைக்காவிட்டால் இடமில்லை என்ற பிழையைத் திருப்பிக் கொடுத்துவிடும். நான் பார்த்தபோது அந்த 60 விநாடி எப்போதோ முடிந்திருந்தது.

இந்த நேரத்தில் எதையாவது அழித்து இடம் பிடிக்கலாம் என்றுதான் கை போகும். போகக் கூடாது. பதற்றத்தில் தேர்ந்தெடுக்கும் எதுவும் தப்பாகப் போகலாம், அழித்தது திரும்பாது. சும்மா விட்டிருந்த நூறு ஜிபி இதற்காகத்தான். எல்விஎக்ஸ்டெண்ட் கொடுத்து பூலோடு 40 ஜிபி சேர்த்தேன். 1,440 ஆனது, சதவீதம் 97.22க்கு இறங்கியது, எழுதும் வேலைகள் மீண்டும் ஓடத் தொடங்கின. வால்யூம் குரூப்பில் கொஞ்சமும் மிச்சமில்லை என்றால் உதிரி வட்டு ஒன்றை மாட்டி விஜிஎக்ஸ்டெண்ட் செய்தாவது இந்த மூச்சுவிடும் இடத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். பிறகு வால்யூம் குரூப்பின் மற்ற வட்டுகளில் அவ்வளவு இடம் உண்டாக்கிக்கொண்டு, அதை பிவிமூவ் கொண்டு காலி செய்து கழற்றிவிடலாம்.

விஎம்களுக்குச் சேதமில்லை. அவற்றின் வட்டுகளை கேச் இல்லாத முறையில் வைத்திருந்தேன். இடமில்லை என்ற பிழை வந்ததும், விஎம்களை ஓட்டும் நிரலான கியூஎம்யூ விஎம்மை அப்படியே இடைநிறுத்தி வைத்துவிடும். கணக்கு விஎம்மும் சிசிடிவி விஎம்மும் அந்த நிலையில் இருந்தன. விர்ஷ் ரெஸ்யூம் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. பொதுக் கோப்புறையின் கதை வேறு. அது விஎம்முக்குள் இல்லை, சர்வரிலேயே நேரடியாக மவுண்ட் ஆகியிருந்த எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. ஜர்னலை (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவை) எழுத முடியாமல் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போயிருந்தது. அன்மவுண்ட் செய்து, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே ஓட்டி மீண்டும் ஏற்றினேன். அந்தச் சில நிமிடங்களில் சேமித்ததாக நினைத்த இரண்டு எக்செல் கோப்புகள் உள்ளே இல்லை. நினைவகத்தில் இருந்ததை வட்டில் எழுதப்போகும்போதுதான் இடமில்லை என்று தெரிந்திருக்கிறது. அதற்குள் பயனருக்குச் சேமித்தாகிவிட்டது என்ற பதில் போய்விட்டது. இருவரிடமும் நானே போய்ச் சொன்னேன், அவர்கள் திரும்பத் தட்டச்சு செய்தார்கள்.

அப்புறம்தான் எது தின்றது என்ற தேடல்.

எல்விஎஸ் வெளியீட்டில் தினசரி ஸ்னாப்ஷாட்டுகளோடு நான் எதிர்பார்க்காத இரண்டு பெயர்களும் இருந்தன. நான்கு மாதம் முன்பு டெபியனை மேம்படுத்துவதற்கு முதல் நாள் கையால் எடுத்தவை. அன்று எடுத்தவற்றில் மற்றவற்றை அழித்திருந்தேன், பொதுக் கோப்புறையுடையதும் சிசிடிவியுடையதும் விட்டுப்போயிருந்தன. ஸ்கிரிப்ட் தான் வைத்த பெயர்களை மட்டுமே அழிக்கும், அதனால் இவற்றைத் தொடவில்லை. கண்ணிலும் படவில்லை, அதற்கும் காரணம் உண்டு. தின் ஸ்னாப்ஷாட்டுகள் எடுக்கும்போதே ஆக்டிவேஷனைத் தவிர்க்கும் கொடியோடுதான் பிறக்கின்றன. எல்விஎஸ் பண்புக்கூறுகளின் கடைசியில் சிறிய கே எழுத்தாகத் தெரியும். ஆக்டிவ் ஆகாததால் டெவ் கோப்புறையில் அவற்றுக்குப் பெயர் இருக்காது, எல்விஎஸ்ஸில் டேட்டா சதவீத நெடுவரிசையும் வெறுமையாக இருக்கும்.

இரண்டையும் பெரிய கே விருப்பத்தோடு ஆக்டிவேட் செய்து பார்த்தேன். பொதுக் கோப்புறை ஸ்னாப்ஷாட் 61 சதவீதம். 800இல் 61 என்றால் 488 ஜிபி. சிசிடிவியுடையது 94 சதவீதம், 256இல் 240 ஜிபி. பெரியது எது என்று பார்த்து 488ஐ அழித்தேன்.

பூல் 97.22இலிருந்து 96.60க்கு இறங்கியது. 488 ஜிபி போனதாக நினைத்த இடத்தில் திரும்பி வந்தது 9 ஜிபி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் ஸ்னாப்ஷாட் பற்றிய என் பழைய புரிதல் இங்கேதான் பயனற்றுப்போனது. எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட்டுக்கு நாம் ஓர் அளவு கொடுப்போம், 10 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். மூல வால்யூமில் மாறும் ஒவ்வொரு பகுதியின் பழைய வடிவமும் அந்த 10 ஜிபிக்குள் போகும். நிரம்பினால் அந்த ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், அவ்வளவுதான். மூலம் பத்திரம், பக்கத்து வால்யூம்களும் பத்திரம். ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டின் இழப்பும் அதனோடு முடிந்தது. 2012 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 3.2இல் ஜோ தார்ன்பர் எழுதிய தின் பூல் வந்தபோது இந்தக் கணக்கு தலைகீழானது. தின் ஸ்னாப்ஷாட்டுக்குத் தனி அளவே கிடையாது. அது பூலின் இடத்தையே மற்றவர்களோடு பகிர்கிறது. அதனால் ஸ்னாப்ஷாட் ஒருபோதும் தானாகச் சாகாது. அதற்குப் பதிலாக, பூல் நிரம்பும்போது அதில் இருக்கும் எல்லோரும் நிற்பார்கள். ஒரு மாடிக் குடியிருப்பில் மேல்நிலைத் தொட்டி ஒன்றுதான் என்றால், ஒரு வீட்டுக் குழாயை மூட மறந்தால் ஆறு வீட்டுக்கும் தண்ணீர் நிற்குமே, அந்த மாதிரி. எங்கள் அலுவலகத்தில் சிசிடிவிக்காக எடுத்த ஸ்னாப்ஷாட்டால் கணக்குப் பிரிவின் பில் நின்றது.

இனி டேட்டா சதவீதம். பூல் தன் இடத்தைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்துத்தான் கொடுக்கிறது. அந்த எண், ஸ்னாப்ஷாட் எத்தனை துண்டுகளைச் சுட்டுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. அதே துண்டுகளை மூல வால்யூமும் மற்ற ஸ்னாப்ஷாட்டுகளும் சுட்டிக்கொண்டிருக்கலாம். பூல் ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று எண்ணி வைத்திருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமானால்தான் துண்டு விடுபடும். பொதுக் கோப்புறையில் கோப்புகள் சேர்ந்துகொண்டே போகும், பழையவை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆக அந்த 488இல் 479 இன்னும் உயிருள்ள வால்யூமிலும் இருந்தது. ஸ்னாப்ஷாட்டுக்கு மட்டுமே சொந்தமானது 9.

எனக்கு வேண்டியது இந்தத் தனிச் சொத்தின் கணக்கு. எல்விஎஸ் அதைக் காட்டாது. தின் ப்ராவிஷனிங் டூல்ஸ் தொகுப்பிலுள்ள தின்_எல்எஸ் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் பூலின் மெட்டாடேட்டாவை (எந்தத் துண்டு எங்கே என்ற பதிவேட்டை) நேரடியாகப் படிக்கக் கூடாது, படிக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும். முதலில் டிஎம்செட்டப் மெசேஜ் மூலம், பெயர் டிபூல் என்று முடியும் டிவைஸுக்கு, மெட்டாடேட்டாவின் ஸ்னாப்ஷாட் ஒன்றை ஒதுக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் தின்_எல்எஸ்ஸை மெட்டாடேட்டா ஸ்னாப்ஷாட் விருப்பத்தோடு, டிமெட்டா என்று முடியும் டிவைஸின் மேல் ஓட்ட வேண்டும். மேப்ட், எக்ஸ்க்ளூசிவ், ஷேர்ட் ஆகிய மூன்று நெடுவரிசைகளையும் கேளுங்கள். முடிந்ததும் ஒதுக்கியதை விடுவிக்கும் செய்தியை மறக்காமல் அனுப்பிவிடுங்கள். கணக்கிடச் சில நிமிடம் பிடிக்கும். வால்யூம்களின் பெயர்கள் இதில் வராது, எண்கள்தான் வரும். எல்விஎஸ்ஸில் தின் ஐடி என்ற புலத்தைச் சேர்த்து எடுத்துப் பொருத்திக்கொண்டேன்.

வெளியீட்டில் விடை தெளிவாக இருந்தது. நான்கு மாதத்துச் சிசிடிவி ஸ்னாப்ஷாட்டின் தனிச் சொத்து 240 ஜிபி. முழுவதுமே. யோசித்தால் வேறு எப்படியும் இருக்க முடியாது. கேமராப் பதிவு நாளுக்குச் சுமார் 20 ஜிபி. வட்டு நிறைந்ததும் மிகப் பழைய காட்சியை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதும். 12 நாளில் முழு வட்டும் ஒரு சுற்று மாறிவிடும். நான்கு மாதம் முன்பு இருந்த காட்சியில் ஒரு நொடிகூட உயிருள்ள வட்டில் இல்லை, ஆனால் முழு வட்டும் பூலில் உட்கார்ந்திருந்தது. அழித்தேன். 96.60, 79.93 ஆனது.

அடுத்து நான் கண்டதைப் பற்றித்தான் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். சிசிடிவியின் தினசரி ஸ்னாப்ஷாட்டுகள் ஏழு. எக்ஸ்க்ளூசிவ் (தனிச் சொத்து) நெடுவரிசையில் ஏழாம் நாளுடையதுக்கு, அதாவது மிகப் பழையதுக்கு, 20 ஜிபி. மற்ற ஆறுக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம். இதைப் பார்த்தால் அந்த ஆறும் இலவசம் என்றுதான் தோன்றும். உண்மையில் ஏழும் சேர்ந்து 140 ஜிபியைப் பிடித்து வைத்திருந்தன. எப்படி என்றால், நேற்று வட்டில் மேலெழுதப்பட்ட பழைய காட்சி ஏழு ஸ்னாப்ஷாட்டிலும் இருக்கிறது. ஐந்தாம் நாள் ஸ்னாப்ஷாட்டுக்கும் நான்காம் நாளுடையதுக்கும் நடுவே மேலெழுதப்பட்டது ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்றில் இருக்கிறது. மிகப் பழைய ஒன்றில் மட்டும் மிஞ்சியிருப்பது, அதற்கும் ஆறாம் நாளுடையதுக்கும் நடுவே மேலெழுதப்பட்ட 20 ஜிபிதான். எதையும் ஒருவர் மட்டும் பிடித்திருக்கவில்லை, பலர் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள். அதனால் எக்ஸ்க்ளூசிவ் எண்களைக் கூட்டி, இவ்வளவு திரும்பும் என்று முடிவு கட்டாதீர்கள். புதியதிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்திருந்தால் ஆறு அழித்த பிறகும் ஒன்றும் கிடைத்திருக்காது. பழையதிலிருந்து அழித்தால் ஒவ்வொன்றுக்கும் 20 கிடைக்கும், ஏனென்றால் ஒன்று போனதும் அடுத்தது மிகப் பழையதாகிவிடும்.

ஏழையும் அழித்தேன். 70.21. கேமராப் பதிவுக்கு ஸ்னாப்ஷாட் எடுப்பதில் எந்தப் பயனும் இல்லை. மேலெழுதும் வட்டு ஏற்கெனவே 12 நாளைப் பின்னோக்கிக் காட்டுகிறது. ஸ்கிரிப்டில் எல்லா டேட்டா வால்யூமும் என்று எழுதியபோது இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

கணக்கு டேட்டாபேஸில் ஒரு விஷயம் கவனித்தேன். ஒரு நாளில் அதில் உண்மையில் மாறுவது அரை ஜிபிகூட இருக்காது. ஆனால் ஏழு ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து 25 ஜிபி, அதாவது நாளுக்கு மூன்றரை ஜிபி. துண்டின் அளவுதான் காரணம். என் பூலில் ஒரு துண்டு 256 கேபி. பகிரப்பட்ட துண்டில் டேட்டாபேஸ் 8 கேபி எழுதினாலும் முழு 256 கேபியும் புதிய இடத்துக்கு நகலாகும். ஸ்னாப்ஷாட் எடுத்த மறுகணத்திலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி எழுதும் எதற்கும் இந்தப் பெருக்கம் உண்டு. துண்டளவைப் பூல் உருவாக்கும்போதுதான் தீர்மானிக்க முடியும், பிறகு மாற்ற முடியாது. ஸ்னாப்ஷாட் நிறைய எடுக்கப்போகிறீர்கள் என்றால் சிறியது நல்லது. குறைந்தபட்சம் 64 கேபி. ஆனால் அதற்கு மெட்டாடேட்டா அதிகம் வேண்டும்.

மெட்டாடேட்டாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: அன்றைக்கு என்னை உண்மையில் பயமுறுத்தியது 100.00 அல்ல, பக்கத்து மெட்டாடேட்டா சதவீத நெடுவரிசையில் இருந்த 88.6. எந்த வால்யூமின் எந்தத் துண்டு எங்கே என்ற பதிவேடு மெட்டாடேட்டாவில் இருக்கிறது. ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் அது பழைய பதிவேட்டையே பகிர்ந்துகொள்ளும், செலவே இல்லாததுபோல் தெரியும். மாற்றங்கள் வர வர இரண்டும் பிரிந்து பக்கங்கள் பெருகும். டேட்டா இடம் தீர்ந்தால் எழுதுவது நிற்கும், இடம் சேர்த்தால் ஓடும். மெட்டாடேட்டா தீர்ந்தால் பூல் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய், சோதனை தேவை என்ற அடையாளத்தைத் தன்மேல் போட்டுக்கொள்ளும். பூலை முழுவதும் நிறுத்தி எல்விகன்வர்ட் ரிப்பேர் ஓட்டும் வேலை அது. நான் முதலில் ஒதுக்கியிருந்தது 256 எம்பி. பூல் ஓடும்போதே எல்விஎக்ஸ்டெண்டில் பூல்மெட்டாடேட்டாசைஸ் கொடுத்து 1 ஜிபியாக்கினேன். 22க்கு வந்தது. இதன் உச்ச வரம்பே சுமார் 16 ஜிபிதான். டேட்டாவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு, இதில் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

புதன்கிழமை எஃப்எஸ்ட்ரிம், அதாவது கோப்பு முறைமையில் காலியான இடத்தைப் பூலுக்குத் திருப்பச் சொல்லும் கட்டளை. வால்யூமுக்குள் கோப்பை அழித்தால் பூலுக்குத் தெரியாது, கோப்பு முறைமை டிஸ்கார்ட் (இந்த இடம் இனி வேண்டாம் என்ற செய்தி) அனுப்பினால்தான் தெரியும். சோதனை விஎம்மின் வட்டு வரையறையில் டிஸ்கார்ட் அன்மேப் என்ற அமைப்பே இல்லை. சேர்த்து, விஎம்மை அணைத்துப் போட்டு உள்ளே எஃப்எஸ்ட்ரிம் ஓட்டினதும் 30 ஜிபி உடனே கிடைத்தது. 68.1. பொதுக் கோப்புறையில் ஓட்டியபோது 350 ஜிபி ட்ரிம் ஆனதாகச் செய்தி வந்தது. பூல் அசையவே இல்லை. இரண்டு காரணம். எஃப்எஸ்ட்ரிம் சொல்வது கோப்பு முறைமையின் மொத்தக் காலி இடத்தை, அதில் பெரும்பகுதி பூலிலிருந்து எடுக்கப்படவே இல்லை. எடுக்கப்பட்டு வீணாக இருந்தது சுமார் 70 ஜிபி. அந்த 70ஐயும் தினசரி ஸ்னாப்ஷாட்டுகள் ஏழும் சுட்டிக்கொண்டிருந்தன. மூலம் கையை விட்டாலும் அவை விடவில்லை. அந்த ஏழும் சுழன்று வெளியேறிய பிறகு, அடுத்த புதன்கிழமை, 63க்கு வந்தது. ஸ்னாப்ஷாட் இருக்கும் வால்யூமில் ட்ரிம் செய்துவிட்டு உடனே சதவீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அமைப்புகளில் செய்த மாற்றங்கள் சில. எல்விஎம் கான்ஃப் கோப்பில் பூலைத் தானாக நீட்டும் வரம்பு இயல்பாக 100, அதாவது நீட்டாதே என்று அர்த்தம். அதை 85 ஆக்கினேன். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நீட்ட வேண்டும் என்பது இயல்பாக 20 சதவீதம். 1,440க்கு 288 ஜிபி, என்னிடம் மிச்சம் அறுபது சொச்சம்தான், நீட்டிப்பு தோற்றுப்போகும். 2 சதவீதம் வைத்தேன், ஒரு முறைக்கு 29 ஜிபி, இரண்டு முறை தாங்கும். இது வேலை செய்ய டிஎம்ஈவென்ட்டி என்ற பின்னணி நிரல் அந்தப் பூலைக் கண்காணிக்க வேண்டும். எல்விஎஸ்ஸில் செக்மானிட்டர் புலத்தில் மானிட்டர்ட் என்று வருகிறதா பாருங்கள். 60 விநாடிக் காத்திருப்பை அப்படியே விட்டேன், தானாக நீட்ட அந்த அவகாசம் வேண்டும்.

கையால் எடுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கு இனி எல்விஎம் டேக் கட்டாயம். எந்த நாளோடு காலாவதி என்பது டேக்கிலேயே இருக்கும், ஸ்கிரிப்ட் பெயரைப் பார்க்காமல் டேக்கைப் பார்த்து அழிக்கும். டேக் இல்லாத ஸ்னாப்ஷாட் கண்ணில் பட்டால் எனக்கு மெயில் வரும். டேட்டா 75, மெட்டாடேட்டா 60 தாண்டினாலும் மெயில் வரும். ஞாயிறுதோறும் தின்_எல்எஸ் வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கிறேன்.

சிசிடிவி பதிவைப் பூலிலிருந்து வெளியே எடுத்து, தனியாக ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்கில் வைத்தாகிவிட்டது. அந்த 240 ஜிபியும் திரும்பியதில் இன்று காலை டேட்டா 46.9.